அப்பாவின் காலில் ஓர் ஆப்பு
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



தலைப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நம்ம ஹாஸ்டலில் "ஆப்பு" என்றால் அரியர் விழுவது, இல்லாவிட்டால் வார்டனிடம் மாட்டுவது. நான் சொல்ல வந்தது நிஜ ஆப்பு. ஆப்பு வடிவத்தில், 9 மில்லிமீட்டர் வாய் திறந்த ஓர் இடைவெளி. அது என் அப்பாவின் வலது காலில், முட்டுக்குக் கீழே உள்ள எலும்பில் இருந்தது. அதற்குள் எதை வைப்பது, எதையாவது வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்று வருஷம் மெக்கானிக்கல் படித்த நான் அந்தக் கேள்விக்கு முதலில் தப்பான பதில் சொன்னேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவுக்கு வயது 49. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வேலை. விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலுமாக ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்கு மேல் போக வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். கால் இரண்டும் சின்ன வயசிலேயே கொஞ்சம் வில் மாதிரி வெளியே வளைந்திருக்கும். நாலைந்து வருஷமாக வலது முட்டின் உள்பக்கம் வலி. நம்ம மாவட்டத்தில் வலி என்றால் முதலில் எங்கே போவோம்? வர்ம ஆசானிடம்தான். போனோம். அந்த ஆசான் நேர்மையான மனுஷர். எண்ணெய் தந்தார், தடவச் சொன்னார். பிறகு அவரே, "எண்ணெய் வலிக்குக் கேக்கும், வளைவுக்குக் கேக்காது. படம் எடுத்துப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

படம் என்றால் முட்டை மட்டும் எடுக்கிற படம் இல்லை. நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே நீளப் படம். அதில் டாக்டர் ஸ்கேல் வைத்து, தொடை எலும்பின் பந்துத் தலையின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு நேர்கோடு போட்டார். நல்ல காலில் இந்தக் கோடு முட்டின் நடுவை ஒட்டிப் போகும். அப்பாவுக்கு நடுவிலிருந்து சுமார் 25 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போனது.

இனி நம்ம பாடம். ஆள் எடை 60 கிலோ, ஏறக்குறைய 600 நியூட்டன். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த விசை முட்டின் நடுவிலிருந்து 0.025 மீட்டர் தள்ளிப் போனால், வளைவுத் திருப்பம் 15 நியூட்டன் மீட்டர். இது சும்மா நிற்பதற்கு. நடக்கும்போது முட்டில் விழுகிற விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். அவ்வளவும் உள்பக்கத்துக் குருத்தெலும்பில் விழுந்தால் அது தேயும். தேய்ந்தால் கால் இன்னும் வளையும். வளைந்தால் கோடு இன்னும் உள்ளே போகும். சென்டர் விலகிய தூணைப் பற்றி சிவில் பசங்க படிப்பார்களே, அதே சங்கதிதான். வெளிப்பக்கம் மட்டும் புத்தம் புதுசாக இருக்கும்!

முட்டு முழுவதும் தேய்ந்த வயதானவர்களுக்கு மாற்று மூட்டு வைக்கிறார்கள். ஆனால் 49 வயசில், மலையேறி வேலை செய்கிறவருக்கு, பாதி முட்டு நன்றாக இருக்கும்போது அதை ஏன் வெட்டி எறிய வேண்டும்? கோட்டைத் திருப்பினால் போதும். பழுதான பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் சரிசெய்கிற வேலை. இதற்குக் கால் எலும்பை முட்டுக்குக் கீழே அறுத்துத் திருப்ப வேண்டும்.

இது புது வைத்தியம் இல்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் கவென்ட்ரி 1965-ல் எழுதிய முறையில், எலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து ஓர் ஆப்புத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடுவார்கள். எலும்போடு எலும்பு உட்காரும், இடைவெளி இருக்காது. ஆனால் எலும்பு கொஞ்சம் குட்டையாகும், பக்கத்தில் உள்ள மெல்லிய எலும்பையும் தொட வேண்டிவரும். இன்னொரு முறை இதற்கு நேர் எதிர். உள்பக்கத்திலிருந்து அறுத்து, வாயைத் திறந்து, திறந்தபடியே நிறுத்திவிடுவது. எலும்பு நஷ்டம் இல்லை, கோணத்தையும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். ஆனால் ஒரு பொந்து மிச்சம். நம்ம கதை அந்தப் பொந்தில் இருக்கிறது.

எவ்வளவு திறக்க வேண்டும்? ஜப்பான் டாக்டர் புஜிசாவாவின் பெயரால் வழங்குகிற கணக்குப்படி, முட்டின் அகலத்தை உள்பக்கத்திலிருந்து அளந்தால் 62 சதவீதம் தாண்டிய இடத்தில் கோடு விழ வேண்டும். அதாவது நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் சற்றே. இப்போது பல டாக்டர்கள் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே திருப்புகிறார்கள். அப்பாவுக்கு 9 டிகிரி என்று முடிவானது. அறுப்பின் நீளம் சுமார் 58 மில்லிமீட்டர். டேன் 9 டிகிரி 0.158. பெருக்கிப் பாருங்கள்: 9 மில்லிமீட்டரும் கொஞ்சமும். சார், டிரிகனாமெட்ரி எதுக்கு சார் என்று முதல் வருஷம் கேட்டவர்களில் நானும் ஒருத்தன்.

அறுக்கும்போது எலும்பைத் துண்டாக்கிவிட மாட்டார்கள். வெளிப்பக்கத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் எலும்பை அறுக்காமல் விட்டுவிடுவார்கள். அதுதான் கீல். பச்சை மூங்கிலை முக்கால்வாசி வெட்டிவிட்டு வளைத்தால் மிச்சம் இருக்கிற நார் பிடித்துக்கொண்டு வாய் பிளக்குமே, அப்படி. மெல்லிய உளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, பைய பைய, நிமிஷக்கணக்கில் விட்டு விட்டுத் திறப்பார்களாம். வேகமாகத் திறந்தால் கீல் விரிசல் விடும். கீல் விரிந்தால் எல்லாக் கணக்கும் தலைகீழ்.

சரி, திறந்தாச்சு. முதல் ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) கோடு போட்டதும் கோணம் சொன்னதும் டாக்டர். பணக் கணக்கு சொன்னது கவுண்டரில் இருந்த ஒருவர். "இடைவெளியில் செயற்கை எலும்புப் பொடி வைக்கணும். வைக்கலைன்னா எலும்பு சேராது. அதுக்கு மட்டும் 22,000 ரூபாய். நாளைக்குச் சொல்லுங்க" என்றார். அம்மாவின் கழுத்தில் இருந்த சங்கிலியைத் தவிர வீட்டில் வேறு வழி இல்லை.

அன்று ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டார். "மக்களே, எலும்புக்க உள்ள பொடி வைக்கணும்னு சொல்லுதாங்க. அது எதுக்குடே? நீ இதெல்லாம் படிக்கியதுதானே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாப்பா, கேப் இருந்தா ஃபில் பண்ணித்தான் ஆகணும். இல்லேன்னா லோடு எப்படி இறங்கும்?" என்று பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னேன். மெஷின் காலுக்குக் கீழே இடைவெளி இருந்தால் ஷிம் வைப்போம், பேக்கிங் வைப்போம். அந்த நினைப்பு. அம்மா ஒன்றும் பேசாமல் சங்கிலியின் கொக்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் எங்கள் மாமா, இன்னொரு வயதான எலும்பு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கூட்டிப் போனார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி மெக்கானிக்கலா? அப்ப சொல்லு. லோடு பொடி வழியா இறங்குதா, பிளேட் வழியா இறங்குதா?"

நான் முழித்தேன். அவர் ஒரு பிளேட்டை எடுத்துக் கையில் தந்தார். டைட்டானியம் கலவை. நண்பர்களே, அந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. சாதாரண ஸ்க்ரூவுக்கு உடலில் மட்டும்தான் மரை இருக்கும். இதற்குத் தலையிலும் மரை! பிளேட்டின் ஓட்டையிலும் அதற்கேற்ற மரை. சாதாரண பிளேட் என்றால் ஸ்க்ரூ அதை எலும்போடு அழுத்திப் பிடிக்கும், உராய்வில்தான் நிற்கும். எலும்பு மெதுவாக இருந்தால் ஸ்க்ரூ ஆடும், பிளேட் தளரும். இதில் ஸ்க்ரூவும் பிளேட்டும் பூட்டிக்கொண்டு ஒரே துண்டாகிவிடுகிறது. கோணம் மாறாது. எலும்பை அழுத்த வேண்டிய அவசியமும் இல்லை. கீல் ஒரு பக்கம் தாங்க, பிளேட் மறு பக்கம் தாங்க, நடுவில் உள்ள பொந்து காலியாகவே இருந்தாலும் கட்டமைப்பு நிற்கும். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து டாக்டர்கள் இந்த வேலைக்கென்றே இப்படிப்பட்ட பிளேட்டைக் கொண்டுவந்த பிறகுதான், "பொந்தை நிரப்பியே ஆக வேண்டும்" என்ற கட்டாயம் தளர்ந்தது. அதற்கு முந்தைய சின்ன பிளேட்டுகளுக்கு நிரப்புவது உண்மையிலேயே ஒரு முட்டுக்கொடுப்பு.

(நடுவில் ஒரு சங்கதி. டைட்டானியத்தின் தாது எது? இல்மனைட், ரூட்டைல். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கிறதே, அதேதான். ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் 1909-ல் அங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். இல்மனைட்டில் பெரும்பங்கு உலகம் முழுக்க வெள்ளைப் பெயின்டுக்குத்தான் போகிறது. ஆனாலும் அப்பாவின் காலில் இருப்பது நம்ம கடற்கரை மணலுக்குச் சொந்தக்கார உலோகம் என்று நினைத்தால் ஒரு சந்தோஷம். விறைப்பைக் கவனியுங்கள்: எஃகு சுமார் 200 கிகா பாஸ்கல், டைட்டானியக் கலவை சுமார் 110, கெட்டி எலும்பு 20-க்குள். எலும்புக்கு எது பக்கத்தில் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.)

அப்படியானால் பொந்தை யார் மூடுவது? எலும்பே மூடும். இதுதான் ஷிம்முக்கும் எலும்புக்கும் உள்ள வித்தியாசம், நான் கோட்டைவிட்ட இடம். அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்து உறையும். அந்த உறைவுக்குள் செல்கள் நுழைந்து, முதலில் மெதுவான திசு, பிறகு புது எலும்பு என்று கட்டிக்கொண்டு வரும். கீல் இருக்கிற குறுகிய மூலையில் ஆரம்பித்து, அகலமான வாய்ப்பக்கம் நோக்கி மாசக்கணக்கில் நகர்ந்து வரும். முட்டுக்குக் கீழே உள்ள எலும்பு கடற்பஞ்சு மாதிரி, ரத்தம் நிறைந்த இடம். அதனால் அங்கே இந்த வேலை நன்றாக நடக்கும்.

நிரப்புவதிலும் பல வகை உண்டு. உயர்ந்தது நோயாளியின் சொந்த எலும்பு. இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பார்கள். அதில் உயிருள்ள செல் இருக்கிறது, "வளரு" என்று சொல்கிற ரசாயனச் செய்தி இருக்கிறது, பிடித்துக்கொண்டு வளரச் சட்டமும் இருக்கிறது. மூன்றும் ஒன்றாக, காசில்லாமல்! ஆனால் எடுத்த இடத்தில் இன்னொரு காயம், மாசக்கணக்கில் வலி. இன்னொருத்தர் எலும்பு என்றால் எலும்பு வங்கி வேண்டும். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1988-ல் திசு வங்கி தொடங்கி, காமா கதிரால் கிருமி நீக்கிக் கொடுக்கிறார்கள்.

மூன்றாவதுதான் அந்த 22,000 ரூபாய்ப் பொடி. அது என்ன? நம்ம எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். முக்கியமாக ஹைட்ராக்ஸி அபடைட் குடும்பத்தைச் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட். அதே பொருளை ஆய்வகத்தில் செய்து, பொடியை அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் பீங்கான் மாதிரிக் கட்டியாகும். அதில் நுண்ணிய துளைகள் இருக்கும்படி செய்வார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது அகலம் இருந்தால்தான் ரத்தக் குழாயும் எலும்புச் செல்லும் உள்ளே நுழைய முடியும். கால்சியமும் பாஸ்பரசும் 1.67-க்கு 1 என்ற அணு விகிதத்தில் இருந்தால் ஹைட்ராக்ஸி அபடைட். அது லேசில் கரையாது, வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். விகிதம் 1.5 என்றால் ட்ரை கால்சியம் பாஸ்பேட். அது மெல்ல மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். ஒரு சின்ன எண் மாறினால் குணமே மாறுகிறது பாருங்கள்!

ஆனால் இந்தப் பொடி ஒரு பந்தல்தான். பாவக்காய்க் கொடிக்குப் பந்தல் போடுகிறோம். பந்தல் காய்க்குமா? வித்தும் உரமும் நம்ம ரத்தத்திலிருந்தும் பக்கத்து எலும்பிலிருந்தும்தான் வர வேண்டும். பீங்கான் என்பதால் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், இழுவிசையிலும் வளைவிலும் படக்கென்று உடையும். காங்கிரீட்டைப் பற்றி சிவில் நண்பர்களிடம் கேளுங்கள்.

இந்தப் பைத்தியம் மனுஷனுக்குப் புதுசும் இல்லை. ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் 1892-லேயே எலும்புப் பொந்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிரப்பியிருக்கிறார். அது சில வாரங்களில் கரைந்துவிடும், எலும்பு வளர்கிற வேகத்தைவிட அதிக வேகம். அமெரிக்காவில் ஆல்பீ என்பவர் 1920-ல் கால்சியம் பாஸ்பேட்டை முயன்றார். 1969-ல் லாரி ஹென்ச் எலும்போடு ஒட்டிக்கொள்கிற ஒரு கண்ணாடியையே செய்துவிட்டார். பவளப் பாறையின் துளைகள் எலும்பின் துளைகளைப் போலவே இருப்பதால் அதையும் ஹைட்ராக்ஸி அபடைட்டாக மாற்றினார்கள். சென்னை ஆய்வாளர்கள் இந்தியப் பவளத்திலிருந்து அதைச் செய்து 1996-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இப்போது பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், யாரும் மன்னார் வளைகுடாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய இடம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். வடசேரியில் பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரம். நம்மூர்க்காரர்கள் இருதயத்துக்கும் மூளைக்கும் அங்கே போவார்கள். ஆனால் பூஜப்புரையில், திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தின் சாட்டல்மண்ட் அரண்மனையில் அதன் இன்னொரு பிரிவு இயங்குவது நிறையப் பேருக்குத் தெரியாது. அங்கே டாக்டர்களோடு இன்ஜினியர்கள் உட்கார்ந்து மருத்துவக் கருவிகளையே செய்கிறார்கள். முதல் இந்திய இருதய வால்வு அங்கேதான் உருவானது. 1990 டிசம்பரில் அதை முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அதே இடத்தில் ஹைட்ராக்ஸி அபடைட் பீங்கான், அதோடு கால்சியம் சிலிகேட் சேர்த்த கலவை, பசை மாதிரிக் குழைத்து வைத்தால் உள்ளேயே இறுகுகிற கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் என்று எலும்பு மாற்றுப் பொருள்களிலும் வேலை நடந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, அந்த உரிமையில் நாமும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்ல பொருள் என்றால் அப்பாவுக்கு வைத்திருக்கலாமே என்பீர்கள். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கட்டி எடுத்த பெரிய குழி, நொறுங்கிப் பள்ளமான எலும்பு, பெரிய வாய் திறந்த காலு, இதுக்கெல்லாம் நானும் வைப்பேன். உங்க அப்பாவுக்குப் பத்து மில்லிக்குக் கீழே. கீல் உடையாம இருந்தா ஒண்ணும் வேண்டாம். கீல் உடைஞ்சா இடுப்புலேருந்து எடுத்து வைப்பேன், அதுக்குத் தனியாக் காசு இல்லை." பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். சின்னத் திறப்பில், பூட்டுகிற பிளேட் இருக்கும்போது, செயற்கைப் பொடி வைத்ததால் எலும்பு சீக்கிரம் சேர்ந்துவிடுவதாகத் தெரியவில்லை. ஆக, கவுண்டரில் சொன்ன "வைக்கலைன்னா சேராது" என்ற ஒரு வரி, அப்பாவின் காலுக்குப் பொருந்தாத வரி.

டாக்டர் அதோடு விடவில்லை. அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார். "பீடி எத்தனை?"

"ஒரு கட்டு வரும் சார்."

"பொடி வைக்கலேன்னாலும் எலும்பு சேரும். பீடியை விடலேன்னா சேராமப் போகலாம். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். ரத்தம் வரலேன்னா எலும்பு எங்கே வரும்? 22,000 மிச்சம்னு சந்தோஷப்படாதீங்க, இதுதான் உங்க செலவு."

அப்பா வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பொடிக்குச் சங்கிலிய வித்தாலும் போதும்னு தோணுது மக்களே" என்றார். மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷப் பழக்கம்!

ஆபரேஷன் அந்த டாக்டரிடமே முடிந்தது. கீல் உடையவில்லை. பொந்தில் ஒன்றும் வைக்கவில்லை. முதலில் ஊன்றுகோலோடு பாதி எடை, ஆறு வாரம் கழித்து முழு எடை. வீட்டு நடையில் அப்பா முதல் தடவை காலை ஊன்றியபோது பாட்டி, "பைய சவுட்டுலே, பைய சவுட்டு" என்று கூடவே நடந்தாள். ஆறாவது வாரப் படத்தில் கீல் மூலையில் லேசாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தது. மற்ற இடம் கறுப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொடி வைத்தவர்கள் படத்தில் முதல் நாளே அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளை பந்தலின் வெள்ளை, எலும்பின் வெள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது மாசம் பாதி மூடியிருந்தது.

நாலாவது மாசம் ஒரு நாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பீடி வாசனை. போய்ப் பார்த்தால் அப்பா. ஒன்றுதான், இரண்டு இழுப்புத்தான் என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் மூன்று எக்ஸ்ரேயையும் கொண்டுவந்து திண்ணையில் வரிசையாக, வெயில் படும்படி சாய்த்து வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு நான் வாசனை பிடிக்கவில்லை. தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எட்டாவது மாசப் படத்தில் பொந்து ஏறக்குறைய மூடிவிட்டது. உள்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். இப்போது பாதி மரங்களுக்குப் போகிறார். மேட்டுப் பக்கத்து மரங்களைச் சித்தப்பா வெட்டுகிறார். வலி போயே போச்சு என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் பிளேட் இருக்கிற இடத்தில் குத்தும், தோலுக்குக் கீழேயே இருப்பதால் கைக்குத் தட்டுப்படும். அடுத்த வருஷம் அதை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தந்தால் நம்ம ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவருகிறேன். ஸ்க்ரூ தலையில் உள்ள மரையை எல்லோரும் பார்க்கலாம்.

சங்கிலி அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது.